உங்களை அதட்டும் குரலும் ஆழ்மனத்தில்தான் இருக்கிறது

வாசகியின் கடிதம்

எனக்கு வயது 47. சுவா சூ காங்கில் வீவக வீடு ஒன்றில் அம்மாவோடு வசிக்கிறேன். அம்மாவுக்கு முதுமை மறதிநோய். பகலில் பணிப்பெண் பார்த்துக்கொள்கிறார். நான் அலுவலகத்திலிருந்து வந்த பிறகு எல்லாம் என் பொறுப்பு. அம்மா இப்போது என்னைத் தம் தங்கை என்று நினைத்துக்கொண்டு, "என் மக ஸ்கூல்லேருந்து இன்னும் வரலையே" என்று என்னிடமே கேட்கிறார். தம்பி ஈசூனில் இருக்கிறான். மாதாமாதம் பணம் கொடுத்துவிடுவான், வருவதுதான் அரிது. அவனைக் குறை சொல்லவில்லை. அவனுக்கும் இரண்டு பிள்ளைகள், சிரமம்தான்.

சென்ற மாதம் பலதுறை மருந்தகத்தில், அம்மாவின் சாப்பாட்டைப் பற்றித் தமிழ் பேசும் தாதி ஒருவர் கேட்டார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே, "அம்மா இருந்தவரைக்கும் காரமாத்தான் சாப்பிடுவாங்க" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. ஆளுமை வளர்ச்சிப் பயிலரங்கு ஒன்றுக்குப் போய்வந்த அலுவலகத் தோழியிடம் இதைச் சொன்னபோது, "வாய் தவறினால் அது இட் பேசுகிறது என்று அர்த்தம். அம்மா போய்ச் சேர வேண்டும் என்று உன் ஆழ்மனம் விரும்புகிறது. சூப்பர் ஈகோவை வலுப்படுத்து, இட்டை அடக்கு" என்றார். பயிலரங்கில் கொடுத்த படத்தையும் காட்டினார். கடலில் மிதக்கும் பனிப்பாறை. மேலே வெளிச்சத்தில் சூப்பர் ஈகோ, அடியில் இருட்டில் இட்.

அன்றிலிருந்து தூக்கமில்லை. இரவில் பலமுறை எழுந்து அம்மா மூச்சு விடுகிறாரா என்று பார்க்கிறேன். ஒருநாள் கனவில் அம்மா இறந்துகிடந்தார். எனக்கு "அப்பாடா" என்று இருந்தது. விழித்ததும் என்னையே அருவருப்பாக உணர்ந்தேன். "மூத்த பிள்ளை முகம் சுளிக்கக் கூடாது" என்று அப்பா சொல்வார். "உள்ளத்தால் உள்ளலும் தீதே" என்று பள்ளியில் படித்தவள் நான். என் உண்மையான முகம் எது? ஆழ்மனத்தைக் கட்டுப்படுத்துவது எப்படி? அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டால் இது தீருமா?

உளவியல் ஆலோசகரின் பதில்

அன்புள்ள வாசகிக்கு, வணக்கம்.

உங்கள் தோழி நல்லெண்ணத்தோடு பேசியிருக்கலாம்; ஆனால் அவர் செய்தது, ஒருவரைப் பேசவிட்டுக் கேட்டு அவருடைய ஆழ்மனத்தை அறிய முயலும் உளப்பகுப்பாய்வு அன்று. வாய் தவறி வந்த ஒரே ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு, சொன்னவரிடம் மேற்கொண்டு ஒரு கேள்விகூடக் கேட்காமல், "உன் ஆழ்மனம் விரும்புவது இதுதான்" என்று தீர்ப்பளிப்பதை, அந்த முறையைத் தோற்றுவித்த மருத்துவர் சிக்மண்ட் ஃபிராய்டே கண்டித்திருக்கிறார். இளம் மருத்துவர் ஒருவர், பதற்றத்தால் வருந்திய நடுத்தர வயதுப் பெண் ஒருவரிடம் அவருடைய நோயின் காரணம் இன்னதென்று முகத்துக்கு நேரே சொல்லி அனுப்பிவிட, அந்தப் பெண் முன்னைவிட அதிகமாகக் கலங்கி ஃபிராய்டிடம் வந்தார். அந்த நிகழ்ச்சியை வைத்து 1910-இல் எழுதிய கட்டுரையில், இத்தகைய அவசரத் தீர்ப்புகளை "காட்டுத்தனமான" பகுப்பாய்வு என்றே அவர் பெயரிட்டார். நனவிலியில், அதாவது நாம் ஆழ்மனம் என்று சொல்வதில், இருப்பதை நோயாளியிடம் வெறுமனே எடுத்துச் சொல்வது, பஞ்ச காலத்தில் பசித்தவர்களுக்கு உணவுப் பட்டியலை விநியோகிப்பது போன்றது என்றும் எழுதினார். உங்களுக்கு நேர்ந்தது இன்னும் மோசம். அந்தப் பட்டியலிலேயே தவறான உணவு எழுதப்பட்டிருந்தது.

தவறு எங்கே என்று விளக்க, தோழி காட்டிய படத்திலிருந்தே தொடங்குகிறேன். அதில் ஃபிராய்டின் வெவ்வேறு காலத்துக் கருத்துகள் இரண்டு ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டப்பட்டிருக்கின்றன. முதலாவது, 1900 என்று ஆண்டிடப்பட்டு வெளிவந்த கனவுகள் பற்றிய நூலில் அவர் விவரித்த மனத்தின் நிலைகள். இந்த நொடியில் நாம் அறிந்திருப்பது நனவு. இப்போது நினைவில் இல்லை, ஆனால் கேட்டவுடன் எடுத்துச் சொல்லிவிட முடியும் என்ற நிலையில் இருப்பது முன்நனவு. நீங்கள் சிறுவயதில் குடியிருந்த புளோக்கின் எண்ணைப் போல. எவ்வளவு முயன்றாலும் நேராக எட்டாதபடி, ஒரு தடையால் உள்ளே நிறுத்தப்பட்டிருப்பது நனவிலி. இங்கே பேச்சு முழுவதும் ஓர் எண்ணம் நமக்குத் தெரிகிறதா இல்லையா என்பதைப் பற்றியதே தவிர, அது நல்லதா கெட்டதா என்பதைப் பற்றியது அன்று.

இட், ஈகோ, சூப்பர் ஈகோ என்ற மூன்றும் அதற்கு ஏறத்தாழ கால் நூற்றாண்டுக்குப் பின்னர், 1923-இல் அவர் எழுதிய நூலில் வந்தவை. உடலிலிருந்து எழும் வேட்கைகளும் ஆவேசங்களும் இட். வெளியுலகத்தையும் வேட்கையையும் பார்த்து, இரண்டுக்கும் நடுவே வழி காண முயல்வது ஈகோ. அன்றாடப் பேச்சில் தலைக்கனத்தைக் குறிக்கும் ஈகோ இதுவன்று. வளர்த்தவர்களின் கட்டளைகளையும் கண்டனங்களையும் உள்வாங்கி, உள்ளேயிருந்தே கண்காணிக்கும் பகுதி சூப்பர் ஈகோ. மனத்தின் நிலைகள் என்று ஏற்கெனவே ஒரு விளக்கம் இருந்தபோது, இந்த இரண்டாவது விளக்கம் அவருக்கு ஏன் தேவைப்பட்டது என்பதுதான் உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமான செய்தி. "அடியில் இருப்பது ஆசை, மேலே இருப்பது அறம்" என்ற எளிய பிரிவு, சிகிச்சைக்கு வந்த மனிதர்களோடு பொருந்தவில்லை. தாம் எதை மறைக்கிறோம் என்பது மட்டுமன்று, மறைக்கிறோம் என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. ஆகவே மறைக்கும் வேலையைச் செய்த ஈகோவின் ஒரு பகுதியும் நனவிலியில்தான் இருந்தது. சிலர் உடல்நலம் தேறத் தொடங்கும்போதே மீண்டும் நோயில் விழுந்தார்கள். தாம் நலமாக இருக்கத் தகுதியற்றவர் என்ற ஒரு குற்றவுணர்வு, அவர்களுக்கே தெரியாமல் அவர்களைத் தண்டித்துக்கொண்டிருந்தது. அப்படியானால் குற்றம் சாட்டுகிற பகுதியும் ஆழத்தில்தான் வேலை செய்கிறது.

1933-இன் புதிய விரிவுரைகளில் ஃபிராய்டு தாமே வரைந்து காட்டிய படத்தில், சூப்பர் ஈகோ மேலிருந்து கீழே இறங்கி இட்டோடு போய்க் கலக்கிறது. பனிப்பாறையின் உச்சியில் தூய வெண்மையாகச் சூப்பர் ஈகோவை உட்காரவைக்கும் பயிலரங்குப் படங்கள் பிற்காலத்தவர் எளிமைக்காகச் செய்துகொண்டவை. எளிமையாக்குவதில் பிழையில்லை, ஆனால் இந்த எளிமை உங்களைப் போன்ற ஒருவரின் கையில் கிடைக்கும்போது, தம்மைத் தாமே அடித்துக்கொள்ளும் கோலாகிவிடுகிறது. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

சூப்பர் ஈகோவைப் பற்றி ஃபிராய்டு சொன்னவற்றில் இரண்டு செய்திகளை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். ஒன்று, அதே 1933 விரிவுரைகளில் இருக்கிறது. குழந்தையின் சூப்பர் ஈகோ, பெற்றோர் நடந்துகொள்ளும் விதத்தைப் பார்த்து அமைவதைவிட, பெற்றோருக்குள் இருக்கும் சூப்பர் ஈகோவைப் பார்த்தே அமைகிறது என்றார் அவர். அதாவது, "மூத்த பிள்ளை முகம் சுளிக்கக் கூடாது" என்று உங்கள் அப்பா சொன்னபோது உங்களுக்குள் இறங்கியது, உங்களோடு சிரித்துப் பேசி, உடல் நலமில்லாதபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா அல்லர். அவருக்குள் இருந்து அவரையே அதட்டிக்கொண்டிருந்த குரல். அதை அவர் தம் பெற்றோரிடமிருந்து பெற்றிருப்பார். பெரிய குடும்பத்தில், குறைந்த வருமானத்தில், மூத்தவர் ஒருவர் தளர்ந்தால் தம்பி தங்கைகளின் படிப்பே நின்றுபோகும் என்ற நிலையில் அந்தக் கட்டளைக்கு ஒரு நியாயம் இருந்திருக்கலாம். சிங்கப்பூரில் நம் தாத்தா பாட்டி தலைமுறையில் அப்படிப்பட்ட குடும்பங்கள் ஏராளம். கட்டளை பிறந்த சூழ்நிலை மறைந்த பிறகும் கட்டளை மட்டும் கைமாறிக்கொண்டே வருகிறது. வேலைக்கும் போய், நோயுற்ற தாயையும் ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொள்ளும் ஒரு பெண், களைப்பை முகத்தில்கூடக் காட்டக் கூடாது என்று இன்றைக்கு யார் கேட்கிறார்கள்? வெளியே யாரும் கேட்கவில்லை. உள்ளே ஒருவர் கேட்கிறார்.

இன்னொன்று, நாகரிகமும் அதன் அதிருப்திகளும் பற்றி 1930-இல் அவர் எழுதிய நூலில் வருகிறது. ஒருவர் எவ்வளவு நல்லவராக நடந்துகொள்கிறாரோ அவ்வளவு கடுமையாக அவருடைய மனசாட்சி அவரை நடத்துகிறது என்பதை அவர் அங்கே கவனப்படுத்துகிறார். வெளியிலிருக்கும் அப்பாவிடம் நாம் செய்யாமல் விட்ட செயலுக்குத் தண்டனை கிடையாது. நினைத்தது அவருக்குத் தெரியவே தெரியாது. உள்ளிருக்கும் அப்பாவுக்கோ நினைத்ததும் தெரியும். ஆசையைத் துறந்த பிறகும் அந்த ஆசை எழுந்தது என்பதற்காகவே அவர் தண்டிக்கிறார். அதனால்தான் துறக்கத் துறக்கக் குற்றவுணர்வு குறையாமல் கூடிக்கொண்டே போகிறது. அந்தக் கடுமைக்கான ஆற்றலும் எங்கிருந்து வருகிறது தெரியுமா? வெளியே யார் மீதும் காட்ட முடியாமல் நாம் விழுங்கிய கோபம், சூப்பர் ஈகோவின் கைக்குப் போய், நம் மீதே திரும்புகிறது என்பது அவர் விளக்கம்.

எனவே "சூப்பர் ஈகோவை வலுப்படுத்து" என்ற அறிவுரை உங்களுக்கு எந்த வகையிலும் பொருந்தாது. உங்கள் கடிதத்தில் சூப்பர் ஈகோவின் வலிமைக்குக் குறைவே இல்லை. தூக்கத்தில் எழுந்த ஒரு பெருமூச்சுக்குக்கூட அது விசாரணை நடத்துகிறது. மேலும் வலுப்படுத்தினால் விழுங்க வேண்டிய கோபம்தான் மிகுதியாகும்.

இனி, நீங்கள் மருந்தகத்தில் சொன்ன அந்த வாக்கியத்துக்கு வருகிறேன். வாய் தவறுதல்களைப் பற்றி ஃபிராய்டு 1901-இல் தனி நூலே எழுதினார். அதில் அவர் பின்பற்றிய முறை, தவறிய சொல்லைச் சுற்றி அந்த மனிதருக்கு என்னென்ன நினைவுகள் எழுகின்றன என்று அவரிடமே கேட்டு, அவர் சொல்வதைக் கொண்டு பொருள் காண்பது. பிறர் ஓர் அகராதியைப் பார்த்து அதற்குப் பொருள் சொல்லிவிட முடியாது. இன்றைய மொழி உளவியலாளர்களோ, இத்தகைய தவறுதல்களில் பெரும்பாலானவை பேச்சைத் திட்டமிடும் வேகத்தில் சொற்கள் விடுபடுவதாலும் மாறிக்கொள்வதாலும் ஏற்படுகின்றன, ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஓர் ஆசை இருக்க வேண்டியதில்லை என்று கருதுகிறார்கள். நானும் அப்படித்தான் கருதுகிறேன். நீங்கள் சொல்ல வந்தது, "அம்மா நல்லா இருந்தவரைக்கும் காரமாத்தான் சாப்பிடுவாங்க" என்பதாக இருக்கலாம். "நல்லா" என்ற ஒரு சொல் விழுந்துவிட்டது; அவ்வளவே நடந்திருக்கவும் கூடும்.

அதில் பொருள் ஏதேனும் இருந்தே ஆக வேண்டுமானால், உங்கள் கடிதமே வேறொரு பொருளைத் தருகிறது. உங்களைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்த அம்மா, இப்போது உங்கள் எதிரில் உட்கார்ந்து, உங்களை அடையாளம் தெரியாமல், உங்களுக்காகவே காத்திருக்கிறார். உங்களை உங்கள் பெயரால் அழைத்த அம்மா போய்விட்டார். அவர் உடல் இருக்கிறது, அன்பும்கூட ஏதோ ஒரு வடிவத்தில் இருக்கிறது, ஆனால் நீங்கள் அறிந்த அந்த மனிதர் இல்லை. துயரத்தைப் பற்றி 1917-இல் வெளியான கட்டுரையில், மரணத்துக்காக மட்டுமன்றி வேறு இழப்புகளுக்காகவும் மனம் துக்கம் காக்கிறது என்பதை ஃபிராய்டு குறிப்பிடுகிறார். மறதிநோயாளிகளின் பிள்ளைகளிடம் நான் மீண்டும் மீண்டும் காண்பது இந்தத் துக்கத்தைத்தான். இழவு வீட்டில் உறவினர் கூடி அழுவதற்கு இடம் இருக்கிறது, நாள் கணக்கு இருக்கிறது, சடங்கு இருக்கிறது. உயிரோடு இருக்கும் அம்மாவுக்காக அழ நமக்கு எந்த வழக்கமும் இல்லை. அந்த இறந்தகாலம் உங்கள் நாவில் வந்தது அவரைக் கொல்லும் ஆசையால் அன்று, இழந்துவிட்ட அறிவால் என்று வாசிக்கவே உங்கள் கடிதம் என்னைத் தூண்டுகிறது. இதுவும் என் ஊகம்தான். எது உங்களுக்குப் பொருந்துகிறது என்று சொல்லும் உரிமை உங்களுடையது.

ஆனால் கனவில் வந்த அந்த "அப்பாடா"வை நான் மழுப்பப் போவதில்லை. விடுதலை வேண்டும் என்ற விருப்பம் உங்களுக்குள் இருக்கலாம். இருக்கட்டும். கொல்கத்தாவில் 1922-இல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தோற்றுவித்தவரும், ஃபிராய்டோடு நீண்ட காலம் கடிதத் தொடர்பு வைத்திருந்தவருமான கிரீந்திரசேகர் போஸ், ஒவ்வொரு விருப்பமும் தனக்கு எதிரான விருப்பத்தோடு இணையாகவே பிறக்கிறது, அவற்றில் ஒன்று வெளியே தெரியும்போது மற்றது உள்ளே அழுத்தப்படுகிறது என்றார். பல இடங்களில் ஃபிராய்டோடு உடன்படாமல் அவர் அமைத்துக்கொண்ட இந்தக் கொள்கை, பராமரிப்பவர்களின் மனத்தைப் புரிந்துகொள்ள எனக்கு மிகவும் உதவியிருக்கிறது. அம்மா நீடு வாழ வேண்டும், இந்தத் துன்பம் அவருக்கும் எனக்கும் முடிய வேண்டும் என்ற இரண்டும் ஒரே மனத்தில் உண்மையாக இருக்க முடியும். இரண்டாவது இருப்பதால் முதலாவது பொய்யாகிவிடாது.

நினைத்தாலே நடந்துவிட்டதற்குச் சமம் என்ற அச்சம் உங்கள் கடிதம் முழுவதும் பரவியிருக்கிறது. 1909-இல் ஃபிராய்டு விரிவாக எழுதிய ஒரு சிகிச்சை வரலாற்றில் இதே அச்சம் இருக்கிறது. அப்பாவின் மரணத்தைப் பற்றிய எண்ணம் தமக்குள் முன்பே தோன்றியிருந்ததற்காகவும், அப்பா இறந்த நேரத்தில் தாம் தூங்கிவிட்டதற்காகவும் ஆண்டுக்கணக்கில் தம்மைக் குற்றவாளி என்று கருதிய இளம் வழக்கறிஞர் அவர். எண்ணத்துக்கு எல்லாம் வல்ல ஆற்றல் உண்டு என்று அவர் நம்பியிருந்தார். ஃபிராய்டு அவரிடம், "உங்களுக்குக் குற்றவுணர்வு தேவையில்லை" என்று ஆறுதல் சொல்லிவிடவில்லை. அந்த உணர்வு உண்மையானது, ஆனால் அது ஒட்டிக்கொண்டிருக்கும் இடம் தவறு, உரிய இடத்தைத் தேட வேண்டும் என்றே சொன்னார். உங்களுக்கும் அதைத்தான் சொல்ல விரும்புகிறேன். அந்த இடத்துக்குப் பிறகு வருகிறேன்.

ஃபிராய்டை ஏற்காத உளவியலாளர்களும் இந்த ஒரு செய்தியில் அவரோடு சேர்ந்துகொள்கிறார்கள். ஸ்டான்லி ராக்மனும் பத்மல் டி சில்வாவும் 1978-இல் வெளியிட்ட ஆய்வில், நோய் ஏதும் இல்லாத சாதாரண மனிதர்களில் பெரும்பாலோருக்கும் வன்மமான, அருவருப்பான, வேண்டாத எண்ணங்கள் வந்துபோகின்றன என்பதும், வேண்டாத எண்ணங்கள் விடாமல் திரும்பத் திரும்ப வந்து வருத்தும் எண்ணச் சுழல் நோய் (ஓசிடி) உள்ளவர்களுக்கு வரும் எண்ணங்களுக்கும் அவற்றுக்கும் உள்ளடக்கத்தில் பெரிய வேறுபாடு இல்லை என்பதும் தெரியவந்தன. வேறுபாடு, அந்த எண்ணத்துக்கு நாம் தரும் மதிப்பில் இருக்கிறது. "இப்படி நினைத்தேன், ஆகவே நான் இப்படிப்பட்டவள்" என்று ஒருவர் முடிவு கட்டும்போதுதான் வந்துபோக வேண்டிய எண்ணம் தங்கிவிடுகிறது.

நீங்கள் மேற்கோள் காட்டிய குறளையும் முழுமையாகப் பாருங்கள். "உள்ளத்தால் உள்ளலும் தீதே பிறன்பொருளைக் கள்ளத்தால் கள்வேம் எனல்." கள்ளாமை அதிகாரத்தில் வருவது. பிறர் பொருளை வஞ்சித்துக் கவர்ந்துகொள்வோம் என்று மனத்துக்குள் திட்டமிடுவதைத்தான் வள்ளுவர் தீது என்கிறார். கனவில் அழையாமல் வந்த ஓர் உணர்ச்சியை அவர் இங்கே பேசவில்லை. நீங்கள் எதையும் திட்டமிடவில்லை. திட்டமிட்டதெல்லாம் அம்மாவின் மருந்து வேளைகளையும் பணிப்பெண்ணின் விடுமுறை நாளையும்தான்.

ஆழ்மனத்தைக் கட்டுப்படுத்துவது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். அடக்க முயல வேண்டாம் என்பதே என் பதில். 1987-இல் டேனியல் வெக்னரும் அவருடைய குழுவினரும் நடத்திய பரிசோதனையில், வெள்ளைக் கரடியை நினைக்கக் கூடாது என்று சொல்லப்பட்டவர்களால் அதை நினைக்காமல் இருக்க முடியவில்லை. பிறகு நினைக்கலாம் என்று அனுமதித்தபோது, முதலிலிருந்தே நினைக்க விடப்பட்டவர்களைவிட அதிகமாகவே அவர்களுக்கு அந்த நினைவு வந்தது. "ஆழ்மன சக்தி"யை வசப்படுத்தித் தருவதாகச் சொல்லும் வகுப்புகளுக்குப் பணம் கட்ட வேண்டாம் என்றும் உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஃபிராய்டு சொன்ன நனவிலிக்கும் அந்த விளம்பரங்களுக்கும் தொடர்பில்லை. "இட் இருந்த இடத்தில் ஈகோ வர வேண்டும்" என்று 1933-இல் அவர் எழுதியதை அடக்குமுறையாகச் சிலர் படிக்கிறார்கள். பெயர் சொல்ல முடியாமல் இருந்ததைப் பெயர் சொல்லி அறிந்துகொள்வதையே அவர் குறித்தார் என்பது என் புரிதல். "இன்று எனக்கு எரிச்சலாக இருக்கிறது; அம்மா மேல் கோபம் வருகிறது; எனக்குத் தூக்கம் வேண்டும்" என்று உங்களுக்கு நீங்களே முழு வாக்கியமாகச் சொல்லிக்கொள்வது அதன் தொடக்கம். முடிந்தால் எழுதுங்கள். எழுதியதைத் திருத்தவோ நியாயப்படுத்தவோ வேண்டாம்.

உண்மையான முகம் எது என்ற கேள்விக்கு ஃபிராய்டிடம் நேரான ஒரு பதில் இருக்கிறது. 1923-இல் எழுதிய அதே நூலில், இயல்பான மனிதர் தாம் நம்புவதைவிட ஒழுக்கம் மிகக் குறைந்தவர் மட்டுமல்லர், தாம் அறிந்திருப்பதைவிட ஒழுக்கம் மிக மிகுந்தவரும் ஆவார் என்கிறார். தோழி முதல் பாதியை மட்டும் உங்களிடம் சொன்னார். ஆழத்தில் இருப்பதுதான் உண்மை, மேலே தெரிவது வேடம் என்ற எண்ணத்துக்கு ஃபிராய்டின் எழுத்தில் ஆதரவு இல்லை. ஒருவரின் ஆளுமை என்பது இந்த மூன்று பகுதிகளுக்கும் இடையே நடக்கும் இழுபறியும், அதை அவர் ஒவ்வொரு நாளும் தீர்த்துக்கொள்ளும் விதமும்தான். களைத்துப்போய் வந்தும் அம்மாவுக்குச் சோறு ஊட்டுகிறவர், விடுதலை வேண்டும் என்று கனவு காண்கிறவர், இரண்டையும் மறைக்காமல் எழுதி அனுப்பியவர், இவர்கள் எல்லாரும் நீங்களே.

இங்கே ஒன்றைச் சொல்லிவைப்பது என் கடமை. இட், ஈகோ, சூப்பர் ஈகோ என்பவை மூளையில் காட்டக்கூடிய உறுப்புகள் அல்ல. எந்த நிகழ்ச்சி நேர்ந்தாலும் அதற்கும் ஒரு விளக்கம் சொல்லிவிடக்கூடிய கோட்பாட்டைப் பொய்ப்பித்துச் சோதிக்க வழியில்லை என்று அறிவியல் தத்துவவாதி கார்ல் பாப்பர் எழுப்பிய எதிர்ப்பு இன்றும் வலுவானது. நம் அறிவுக்கு எட்டாமல் மனம் பெரும் வேலைகளைச் செய்கிறது என்பதை இன்றைய ஆய்வாளர்கள் ஏற்கிறார்கள். ஆனால் அவர்கள் சொல்வது பெரும்பாலும் அமைதியான பழக்கமும் கணிப்பும் நினைவும்தான். ஃபிராய்டு கண்ட போர்க்களம் அன்று. அவருடைய சொற்களை நான் பயன்படுத்துவது, நம்மை நாமே விசாரிக்கும்போது எந்தக் குரல் பேசுகிறது என்று கேட்டறிய அவை உதவுவதால்தான்.

அந்த உதவியோடு, குற்றவுணர்வுக்கு உரிய இடத்தை இப்போது தேடிப் பார்க்கலாம். உங்கள் கடிதத்தில் தம்பியைப் பற்றிய வரிகளை நான் பலமுறை படித்தேன். "வருவதுதான் அரிது" என்று எழுதிய உடனே "குறை சொல்லவில்லை" என்று உங்களை நீங்களே நிறுத்திக்கொள்கிறீர்கள். அவருடைய சிரமத்தைச் சொல்கிறீர்கள், உங்களுடையதைச் சொல்லவில்லை. முகம் சுளிக்கக் கூடாது என்ற கட்டளை அங்கேதான் மிகத் திறமையாக வேலை செய்கிறது. தம்பியிடம் நியாயமாகக் காட்ட வேண்டிய வருத்தத்துக்கு வழியடைக்கப்பட்டதால், அது இரவில் அம்மாவின் படுக்கையைச் சுற்றி வருகிறதோ என்று நான் ஐயப்படுகிறேன். மூச்சைப் பார்க்க எழுவதும் அதே தொடரில் வருவது. ஏற்க முடியாத உணர்ச்சி ஒன்றை அதற்கு நேர் எதிரான மிகை அக்கறையால் மூடிக்கொள்வதை எதிர்வினையாக்கம் என்பார்கள். ஃபிராய்டின் மகள் அன்னா ஃபிராய்டு 1936-இல் எழுதிய தற்காப்பு உத்திகள் பற்றிய நூலில் இது இடம்பெறுகிறது.

தம்பியிடம் பேசுங்கள். "நீ வருவதே இல்லை" என்று தொடங்கினால் பேச்சு சண்டையாகிவிடும். குறிப்பான ஒன்றைக் கேளுங்கள்: ஒன்றுவிட்ட ஞாயிறுகளில் காலை முதல் இரவு வரை அவர் வந்து அம்மாவோடு இருக்க வேண்டும், அன்று நீங்கள் வீட்டில் இருக்க மாட்டீர்கள். அவர் மறுத்தால் வேறு வழி பார்க்கலாம். ஆனால் கேட்காமலே அவர் சார்பில் நீங்கள் மறுத்துக்கொள்ள வேண்டாம். ஏஐசி என்று நாம் சொல்லும் பராமரிப்பு ஒருங்கிணைப்பு அமைப்பின் வழியாக, மூத்தோர் பகல்நேரப் பராமரிப்பு நிலையங்களைப் பற்றியும், பராமரிப்பவர் சில நாள் ஓய்வெடுக்க உதவும் தற்காலிகப் பராமரிப்பைப் பற்றியும், இல்லப் பராமரிப்பு மானியத்துக்கு உங்களுக்குத் தகுதி உண்டா என்பதைப் பற்றியும் விசாரியுங்கள்.

அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டாம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்பது அவருக்கு இப்போது விளங்காது. உங்கள் அழுகையைப் பார்த்து அவர் மிரளக்கூடும். உங்களுக்கும் அது ஒருநாள் ஆறுதல்தான் தரும், மறுநாள் மீண்டும் கேட்கத் தோன்றும். மூச்சைச் சோதிப்பது எப்படி ஒரு முறையோடு நிற்கவில்லையோ அப்படித்தான் இதுவும் நடக்கும்.

அந்தச் சோதிப்பு பல வாரங்களுக்கு நீடித்தாலோ, தடுக்க முயன்றால் பதற்றம் ஏறினாலோ, தூக்கமின்மை வேலையைப் பாதித்தாலோ, உங்கள் பலதுறை மருந்தகத்திலேயே உங்களுக்காக ஒரு முன்பதிவு செய்துகொள்ளுங்கள். எண்ணச் சுழல் நோய் இங்கே அரிதானதன்று. மனநலக் கழகம் 2016-இல் தொடங்கி நடத்திய நாடளாவிய ஆய்வின்படி, 28 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒருமுறையேனும் அது இருந்திருக்கிறது. உங்களுக்கு அந்த நோய் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஒரு கடிதத்தை வைத்து அப்படிச் சொல்வது உங்கள் தோழி செய்ததையே நானும் செய்வதாகும். ஆனால் இருந்தால் அதற்கு நல்ல சிகிச்சை உண்டு. உங்களுக்கோ அம்மாவுக்கோ தீங்கு நேர்ந்துவிடுமோ என்ற அச்சம், எண்ணமாக நிற்காமல் உந்துதலாக மாறுவதாக எப்போதேனும் தோன்றினால், முன்பதிவுக்குக் காத்திருக்காமல் 1771 என்ற தேசிய மனநல உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழையுங்கள். மருந்தகத்தில் ஆலோசகரைப் பார்க்கப் பெயர் கொடுக்கும்போது, தமிழில் பேச விரும்பினால் அதை அப்போதே சொல்லிவிடுங்கள். முதல் சந்திப்பில் எதைச் சொல்வது என்று தயங்கினால், எனக்கு எழுதியதையே படித்துக் காட்டலாம்.